விபூதி குடித்த ஏர் ஃபில்டர்

டிப்ளமோ வாங்கிய முதல் வருடத்தில் ஒருவருக்கு எல்லாமே தெரிந்திருக்கும். அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரியாமல் போகத் தொடங்கும். பெரும்பாலானவர்களுக்கு இது மெல்ல, வலிக்காமல் நடக்கிறது. எனக்கு ஒரே காலைப் பொழுதில், ஆவடி - பூந்தமல்லி சாலையில், பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்தில், ஒரு தொழிற்சாலை மேனேஜரின் வெள்ளைச் சட்டைக்கு முன்னால் நடந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மெக்கானிகல் டிப்ளமோ முடித்துவிட்டு அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வாஷர் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலையில் சேர்ந்திருந்தேன். இன்ஸ்பெக்‌ஷன் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். வாஷர்களை அளந்து பார்த்து, தேறியது ஒரு டப்பா, தேறாதது ஒரு டப்பா என்று நாள் முழுக்கப் பிரித்துப் போடுவதுதான் வேலை. அப்பாவுக்கு ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் உத்தியோகம், ஆவடி குவார்ட்டர்ஸில் வீடு. எங்கள் வரிசையில் இந்தப் படிப்புப் படித்த முதல் பெண் நான் என்பதால் யார் வீட்டில் மிக்ஸி நின்றாலும் எனக்குத்தான் ஆள் வரும். நானும் போய் ஸ்விட்சை இரண்டு தரம் போட்டு அணைத்துவிட்டு, "காயில் போயிருக்கும்" என்று சொல்லிவிட்டு வருவேன். (எது நின்றாலும் உள்ளே சுற்றியிருக்கிற கம்பிச் சுருள், அந்தக் காயில்தான்.) என் கையால் ஒரு மிக்ஸியும் ஓடியதில்லை, ஆனாலும் மரியாதைக்கு ஒரு குறைவும் வரவில்லை.

அக்கா வசந்தாவை மேனாம்பேட்டில் கொடுத்திருந்தோம். அவள் வீட்டுக்காரர் பெயர் தனசேகர், எனக்கு மாமா. அவருடைய அப்பா காலம் வரைக்கும் அந்தக் குடும்பம் அங்கிருந்த வயல்களில் கூலி வேலை செய்தது. வயல்கள் போய் ஷெட்டுகள் வந்தபோது மாமா டிரைவரானார். பன்னிரண்டு வருடம் ஊரார் வண்டிகளை ஓட்டிவிட்டு அந்த வருடம்தான் சொந்தமாக ஒரு பழைய அம்பாசடரை வாங்கியிருந்தார். காலையில் எழுந்ததும் முதலில் வண்டி முகத்தில் விழித்துவிட்டுத்தான் பல் தேய்ப்பார் என்று அக்கா அங்கலாய்ப்பாள்.

எஸ்டேட்டில் ஒரு பெரிய கம்பெனி, மாத ஒப்பந்தத்தில் ஒரு கார் எடுக்கப்போவதாகத் தகவல் வந்தது. அந்தக் கம்பெனி மேனேஜர் விஜயதசமி அன்று மனைவியோடு மாங்காடு அம்மன் கோயிலுக்குப் போகிறார், அதற்கு மாமாவின் வண்டியை வரச் சொல்லியிருந்தார்கள். வண்டியும் ஆளும் பிடித்துப்போனால் ஒப்பந்தம் மாமாவுக்கு. பிடிக்காவிட்டால் வரிசையில் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். ஸ்டாண்டில் சவாரிக்குக் காத்துக்கிடந்து அலுத்துப்போயிருந்த மாமாவுக்கு இது கிடைத்தால் போதும். அக்காவுக்கு அப்போது ஐந்தாம் மாதம். குழந்தை பிறப்பதற்குள் நிலையான ஓட்டம் ஒன்று வேண்டும் என்று மாமா வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் அந்த மாதம் முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவே இல்லை.

இந்த நல்ல காரியத்துக்கு என்னாலான உதவியைச் செய்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வேகம் வந்தது. அங்கேதான் சனி பிடித்தது.

பழைய புத்தகக் கடையில் ஓர் ஆங்கிலக் கார்ப் பத்திரிகை வாங்கியிருந்தேன். அதில் ஒரு பக்கம் முழுக்கச் சிவப்பாக, கூம்பு வடிவத்தில், தலையில் பளபளவென்று தகடு வைத்த ஓர் ஏர் ஃபில்டரின் படம். கம்பெனி மாட்டித் தருகிற ஃபில்டர் இன்ஜினை மூச்சுத் திணற வைக்கிறது, இதை மாட்டினால் காற்று தாராளமாக உள்ளே போகும், சக்தி கூடும், வேகம் கூடும் என்று விளம்பரம் சொன்னது. நான் அதை நாலு தரம் படித்தேன். நாலாவது தரம் படித்தபோது அது விளம்பரம் என்பதே எனக்கு மறந்துவிட்டது, பாடப்புத்தகத்தில் படித்த மாதிரி ஆகிவிட்டது.

மாமாவின் காரில் இருந்தது பழைய காலத்து ஃபில்டர். கறுப்பாக, குண்டாக, மூடி போட்ட சட்டி மாதிரி இருக்கும். அடியில் கொஞ்சம் இன்ஜின் ஆயில் ஊற்றி வைத்திருப்பார்கள். வருகிற காற்று அந்த ஆயில் மேல் புரண்டு, தூசியை அதில் விட்டுவிட்டு மேலே போகும். லாரிகள் கிளப்புகிற அம்பத்தூர்ப் புழுதிக்கு அதைவிடப் பொருத்தமான சாதனம் இல்லை என்பது இன்று எனக்குத் தெரியும். அன்று எனக்கு அதைப் பார்த்தாலே ஏளனம். குழம்புச் சட்டியை வைத்துக்கொண்டு ஒரு கார் எப்படி முன்னுக்கு வரும் என்று மாமாவிடம் கேட்டேன்.

மாமா குழம்பிப்போனார். வண்டி விஷயத்தில் அவர் நம்புகிற ஆள் ஒருவர்தான். அம்பத்தூர் ஓ.டி. பக்கம் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் கன்னியப்பன். என்னை அவரிடம் கூட்டிக்கொண்டு போனார். நான் பத்திரிகையை விரித்துப் படத்தைக் காட்டி, இன்ஜின் என்பதே காற்றை இழுக்கும் பம்ப்தான் என்று தொடங்கி, கால் மணி நேரம் வகுப்பு எடுத்தேன். கன்னியப்பன் பீடியை அணைத்துவிட்டு மரியாதையாகக் கேட்டார். முடிந்ததும் மாமா பக்கம் திரும்பி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வண்டி இன்னா நைனா, ரேஸுக்கா போவுது? மாங்காட்டுக்குத்தானே போவுது?"

நான் விடவில்லை. மாங்காட்டுக்குப் போனாலும் மூச்சு வேண்டுமே என்றேன். அதற்கும் அவர் கோபப்படவில்லை. "அது மூச்சு நல்லாத்தாம்மா உட்டுகினு கீது. நீ மூக்க அறுத்துட்டு மூச்சு உடச் சொல்றே" என்றார். பிறகு வேறு வண்டியின் அடியில் படுத்துக்கொண்டுவிட்டார். விவாதத்தில் தோற்றவர்தான் இப்படிப் படுப்பார் என்று நான் மாமாவிடம் விளக்கினேன்.

மாமா வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தார். கடைசியில், படித்த பெண் சொல்கிறது, நாம் பட்டறையிலேயே நின்றுவிடக் கூடாது என்று முடிவு செய்தார். அவர் குடும்பத்தில் கல்லூரிப் பக்கம் போன முதல் உறவு நான். அந்த ஒரு காரணத்துக்காகவே என்னை அவர் நம்பினார் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

கார் உதிரி பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் தேடி அலைந்து அந்தக் கூம்பை நானே வாங்கிவந்தேன். பெட்டியோடு குட்டிப் புட்டியில் ஓர் எண்ணெயும் கொடுத்தார்கள், ஃபில்டர் துணியில் தடவிக்கொள்ள. ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் மாமாவும் நானும் சட்டியைக் கழற்றிவிட்டு, காற்றையும் பெட்ரோலையும் கலந்து அனுப்புகிற கார்புரேட்டரின் வாயில் கூம்பை வைத்து, ஒரு கிளிப் போட்டு இறுக்கினோம். அந்தச் சட்டி அதுவரை இன்னொரு வேலையும் செய்துகொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. இன்ஜின் காற்றை உறிஞ்சும் இரைச்சலை அது தன் வயிற்றுக்குள் அடக்கி வைத்திருந்தது. அதை எடுத்ததும் இரைச்சல் மொத்தமும் வெளியே வந்துவிட்டது. மாமா ஆக்சிலேட்டரை மிதித்ததும் மேனாம்பேடே அதிர்ந்தது. ரொம்ப நாள் கட்டிப்போட்டிருந்த காளையை அவிழ்த்துவிட்ட மாதிரி இருந்தது சத்தம். மாமாவின் கண்கள் கலங்கிவிட்டன. எனக்கும்தான்.

அக்காவைப் பின்னால் உட்காரவைத்து எஸ்டேட் ரோட்டில் ஒரு சுற்றுப் போய்வந்தோம். பறக்கிறது என்றார் மாமா. சீறுகிறது என்றேன் நான். அக்கா இறங்கும்போது, சத்தம்தான் புதுசு, போவது அதே போவதுதான் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனாள். கர்ப்பிணிகளுக்கு வேகம் சரியாகத் தெரியாது என்று மாமாவிடம் நான் ஒரு விஞ்ஞான விளக்கம் கொடுத்தேன். (இதற்கு ஆதாரம் எந்தப் பத்திரிகையிலும் கிடையாது.)

ஆயுத பூஜை அன்று மத்தியானமே மேனாம்பேட்டுக்குப் போய்விட்டேன். தெருவில் ஏழெட்டு வீட்டில் ஏதாவது ஒரு வண்டியோ தையல் மெஷினோ இருந்தது. எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள். மாமாவின் கார் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நின்றது. ஸ்பேனர், ஸ்குரூ டிரைவர், ஜாக்கி எல்லாம் பூஜை மாடத்துக்குப் போய்விட்டன. மறுநாள் நல்ல நேரம் பார்த்து மறுபூஜை போடுகிறவரைக்கும் அவற்றை யாரும் தொடக் கூடாது.

பானெட்டைத் திறந்ததும் மாமா, புதிதாக வீட்டுக்கு வந்த பொருளுக்குத்தான் முதல் மரியாதை என்றார். ஸ்டீயரிங்குக்கும் டயருக்கும் ஒரு பொட்டு வைத்தால் போதும். ஆனால் ஃபில்டர் விசேஷ உறுப்பினர் ஆயிற்றே. சந்தனக் கிண்ணத்தை நானே வாங்கிக்கொண்டேன். கெட்டியாகக் குழைத்த சந்தனத்தை மூன்று விரலால் எடுத்து, அந்தச் சிவப்புக் கூம்பைச் சுற்றி மேலும் கீழும் பட்டை பட்டையாகப் பூசினேன். நடுவில் குங்குமம் வைத்தேன். காற்று போகிற துணியின் மேல், காற்று போவதைப் பற்றிக் கால் மணி நேரம் வகுப்பு எடுத்த அதே கையால். அப்போது ஒரு நொடி கூட எனக்கு அது உறைக்கவில்லை. பார்க்க ரொம்ப லட்சணமாக இருந்தது.

கற்பூரம் காட்டியாயிற்று. பூசணிக்காய் உடைப்பதற்கு முன்னால் இன்ஜினை உயிர்ப்பித்து ஒருதரம் முறுக்கிவிட வேண்டும் என்று மாமா வண்டிக்குள் ஏறினார். தெருவுக்கெல்லாம் சத்தம் கேட்க வேண்டும் என்பதால் பானெட்டை மூடவில்லை. நான் விபூதித் தட்டை ஃபில்டருக்குக் கிட்டே நீட்டிக்கொண்டு நின்றேன். மாமா மிதித்தார். தட்டில் குவித்திருந்த விபூதி, கண் எதிரே ஒரு வெள்ளைக் கோடாக எழும்பி ஃபில்டர் பக்கம் போய் மறைந்துவிட்டது.

பக்கத்து வீட்டுத் தையல்கார அம்மாள்தான் முதலில் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "சாமி ஏத்துக்கினுச்சு" என்றாள்.

அடுத்து நடந்ததற்குப் பக்தியை மட்டும் குறை சொல்ல முடியாது. விஞ்ஞானமும் கூடவே நின்றது. நான் குதூகலமாக, பாருங்கள், எவ்வளவு காற்றை இழுக்கிறது, பழைய சட்டி இப்படி இழுக்குமா என்று தெரு முழுக்கக் கேட்டேன். இன்னும் கொஞ்சம் காட்டுங்கள் என்று நானே தூண்டினேன். ஆளாளுக்கு ஒரு பிடி கொண்டுவந்தார்கள். தையல்கார அம்மாள் தன் மெஷினுக்கு வைத்திருந்த விபூதியைக் கொட்டினாள். யாரோ குங்குமத்தைக் காட்டினார்கள், அதுவும் போனது. சாமந்தி இதழ்கள் போய் ஒட்டிக்கொண்டன. கடைசியில் ஒருவர், வெறும் விபூதியைக் கொடுத்தால் எப்படி என்று பொரியை அள்ளி நீட்டினார். மாமா உள்ளேயிருந்து முறுக்க முறுக்க, பொரி ஒவ்வொன்றாகப் பறந்துபோய் ஈரச் சந்தனத்தில் குந்திக்கொண்டது. கைதட்டல் அடங்கவே ரொம்ப நேரமாயிற்று. வண்டி சாப்பிடுகிறது என்று மாமாவுக்கு ஒரே பெருமை. காற்றோட்டம் நிரூபணமானதில் எனக்குப் பெருமை. அக்கா மட்டும் வாசற்படியில் நின்றுகொண்டு, அதற்கு வயிறு வலிக்கப்போகிறது என்றாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டும். மாமா வெள்ளை யூனிஃபார்ம் போட்டு, பின் சீட்டில் விரிக்க இரண்டு புதுத் துண்டும் எடுத்துக்கொண்டார். இன்ஜினியர் கூட இருந்தால் நமக்கு ஒரு கௌரவம் என்று என்னையும் முன் சீட்டில் ஏற்றிக்கொண்டார். வண்டி சுலபத்தில் கிளம்பவில்லை. நாலாவது முயற்சியில் இருமிக்கொண்டே உயிர்வந்து, பின்னால் கரும்புகையைக் கக்கியது. பனி என்றேன். (அது அக்டோபர் மாதம். மேனாம்பேட்டில் பனி விழ இன்னும் இரண்டு மாதம் இருந்தது.)

மேனேஜருக்கு ஐம்பது வயதிருக்கும். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, வாய் திறந்தால் நாலு வார்த்தை. அவர் மனைவி நேர்மாறு. ஏறியதிலிருந்து பேசிக்கொண்டே வந்தார். கையில் மஞ்சள் துணி முடிச்சு ஒன்று வைத்திருந்தார். மகளுக்கு நல்ல இடத்தில் வரன் அமைந்தால் காணிக்கை போடுவதாக வேண்டிக்கொண்டு முடிந்து வைத்த ஒரு ரூபாய் நாணயம் அதில் இருப்பதாக என்னிடம் சொன்னார். வரன் அமைந்துவிட்டதாம்.

ஆவடியைத் தாண்டுவதற்குள்ளேயே வண்டி இழுக்க மறுத்தது. மாமா ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தும் வண்டி எருமை நடை நடந்தது. சத்தம் மட்டும் இருந்தது, அதிலும் நேற்றைய சீறல் இல்லை, குறட்டைதான். பால் கேன் கட்டிய சைக்கிள்காரர் ஒருவர் எங்களைத் தாண்டிப் போனார். போகிறபோது பின்னால் திரும்பிப் புகையைப் பார்த்துவிட்டு, துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். கண்ணாடியில் மேனேஜரின் முகம் தெரிந்தது. அவர் தன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமாவின் கழுத்தில் வியர்வை ஓடியது. பருத்திப்பட்டு ஏரி வந்ததும் வண்டி இரண்டு தரம் குலுங்கிவிட்டு நின்றது.

மாமாவின் கை டூல்ஸ் பைக்குப் போனது. பை இல்லை. அது பூஜை மாடத்தில், சந்தனப் பொட்டோடு, மறுபூஜைக்குக் காத்திருந்தது.

நான் இறங்கினேன். எனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தேன், அதாவது பானெட்டைத் திறந்தேன். மேனேஜரும் இறங்கி என் பக்கத்தில் வந்து எட்டிப்பார்த்தார். காயில் போயிருக்கும் என்று அவரிடமே சொல்லிவிட்டு, மாமாவை ஸ்டார்ட் செய்து நன்றாக முறுக்கச் சொன்னேன். மாமா முறுக்கினார். மூச்சடைத்துக்கிடந்த இன்ஜின் ஒரு தரம் விக்கியது. பிறகு கார்புரேட்டர் வழியாகப் பின்பக்கமாக ஒரு தும்மல் தும்மியது.

முந்தைய நாள் மேனாம்பேடு மொத்தமும் அதற்கு ஊட்டிய அத்தனையும் திரும்பி வந்தது. விபூதி, குங்குமம், சாமந்தி, காய்ந்த சந்தனச் சில்லுகள், அவற்றோடு பொரி. எனக்கும் மேனேஜருக்கும் சரிபாதி. புகை மண்டலம் கலைந்தபோது அவருடைய வெள்ளைச் சட்டையில் குங்குமம் கோலம் போட்டிருந்தது. மீசையில் ஒரு பொரி உட்கார்ந்திருந்தது. என் முகத்தை நான் பார்க்கவில்லை, ஆனால் சாலையோரம் நின்ற ஒருவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

மேனேஜர் மீசையிலிருந்து பொரியை எடுத்தார். அதை உற்றுப்பார்த்தார். பிறகு ஃபில்டரைப் பார்த்தார். அதன் மேல் இன்னும் பாதிச் சந்தனம் சுவர்ப்பூச்சு மாதிரி இறுகிக்கிடந்தது.

"இதை மாட்டினது யாரு?" என்றார்.

மாமா ஓடிவந்திருந்தார். அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னால் தப்பிக்கலாம் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். உண்மையைச் சொன்னாலே போதும். ஆனால் அவர் கைகட்டிக்கொண்டு, "நாந்தான் சார். புத்தி கெட்டுப்போய் மாட்டிட்டேன். பாப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்றார்.

என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். ஆனால் அந்தக் கடைசி நாலு வார்த்தையைவிடப் பெரிய உண்மையை அந்த மாதம் முழுக்க யாரும் சொல்லவில்லை. பன்னிரண்டு வருடம் காத்திருந்து வந்த வாய்ப்பு கண்ணெதிரே போய்க்கொண்டிருக்கிறது, இந்த மனிதர் என் டிப்ளமோவின் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். அதற்கு மேல் என்னால் சும்மா நிற்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பத்திரிகை, கன்னியப்பன் தடுத்தது, சந்தனம் பூசியது, தெருவைக் கூட்டி விபூதி ஊட்டியது. சொல்லும்போதே அழுகையும் வந்தது, விபூதி வேறு கண்ணில் கரித்தது.

மேனேஜர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வேகம் கூடிச்சா?" என்றார்.

"சத்தம் கூடிச்சு சார்."

பின் சீட்டிலிருந்து ஒரு சிரிப்புக் கிளம்பியது. மேனேஜரின் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்துக்கொண்டே இறங்கிவந்து, கணவரின் சட்டையிலிருந்த விபூதியை ஒரு விரலால் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டார். கோயிலுக்குப் போவதற்கு முன்னாலேயே பிரசாதம் வந்துவிட்டதே என்றார். மேனேஜர் சிரிக்காமலிருக்கப் படாதபாடு பட்டார். முடியவில்லை. அவர் தோள் முதலில் குலுங்கியது, பிறகு ஆளே குலுங்கினார். கைகட்டி நின்ற மாமாவுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் முகம் கோணிக்கொண்டு போனது.

சிரித்து முடித்ததும் மேனேஜர் சட்டைக் கையை மடித்துவிட்டார். தானும் ஒரு காலத்தில் ஃபிட்டராக இருந்து வந்தவன்தான் என்றார். ஸ்பேனர் கேட்டார், மறுபூஜை விஷயத்தை மாமா தயங்கித் தயங்கிச் சொன்னார். கிளிப்பைப் பார்த்தார். அதைக் கழற்ற ஒரு தட்டையான பொருள் போதும். அவர் பையிலும் மாமாவின் பையிலும் நோட்டுதான் இருந்தது, நாணயம் இல்லை; என்னிடம் அதுவும் இல்லை. எல்லோர் பார்வையும் அந்த மஞ்சள் முடிச்சின் மேல் போய் நின்றது. அந்த அம்மாள் அரை நொடிதான் யோசித்தார். அம்மன் காசுதானே, அம்மனைப் பார்க்கப் போகத்தானே கேட்கிறோம் என்று முடிச்சை அவிழ்த்துக்கொடுத்தார்.

அந்த நாணயத்தைக் கிளிப்பின் திருகில் வைத்துத் திருப்பி, மேனேஜர் தானே கூம்பைக் கழற்றினார். வாயைத் திறந்துபோட்டுவிட்டுப் போனால் புழுதி உள்ளே போகும் என்று, சீட்டில் விரித்திருந்த துண்டில் ஒன்றை எடுத்து மடித்து கார்புரேட்டர் வாயை மூடி, அதே கிளிப்பைப் போட்டு, அதே நாணயத்தால் இறுக்கினார். கறுத்துப்போன கையோடு நிமிர்ந்தபோது அவர் வயதில் பத்து குறைந்திருந்தது. மாமா சாவியைத் திருப்பினார். வண்டி ஒரே பிடியில் கிளம்பியது. பூந்தமல்லி, குமணன்சாவடி எல்லாம் எப்போது வந்தது, எப்போது போனது என்று தெரியவில்லை. அந்தப் பால்காரரைக்கூட வழியில் தாண்டினோம். வெளிநாட்டுக் கூம்பு செய்யாததை அந்தத் துண்டு செய்தது. கோயிலில் அந்த அம்மாள் நாணயத்தை நன்றாகத் துடைத்து உண்டியலில் போட்டார். நான் அம்மனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். எனக்காக இல்லை.

திரும்பி வந்து இறக்கிவிட்டதும் மேனேஜர் சட்டையை உதறிக்கொண்டே வீட்டுக்குள் போய்விட்டார். ஒரு வாரம் ஒன்றும் வரவில்லை. பட்டறையில் கன்னியப்பன் பழைய சட்டியை மறுபடி மாட்டிக்கொடுத்தார். ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. ஆயிலை ஊற்றும்போது மட்டும் என்னைப் பார்த்து, "போதுமாம்மா?" என்று கேட்டார். அந்த வாரம் நான் யார் வீட்டு மிக்ஸியையும் பார்க்கப் போகவில்லை.

அடுத்த திங்கட்கிழமை மாமா ஒரு நீளக் கவரோடு எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். அக்காவும் கூட வந்திருந்தாள். கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது, படித்துச் சொல்லச் சொல்லி என்னிடம் நீட்டினார். பிரித்தேன். ஒப்பந்தம் மாமாவுக்குத்தான். நான் கூவிய கூவலில் அப்பா சவரக் கத்தியோடு வெளியே வந்துவிட்டார். மாமா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். துண்டை எடுத்ததும், என்னென்ன நிபந்தனை என்று கேட்டார். நான் வரிசையாகப் படித்து விளக்கினேன். காலை எட்டு மணிக்கு வண்டி வாசலில் நிற்க வேண்டும். டிரைவர் யூனிஃபார்மில் இருக்க வேண்டும். இப்படி ஆறு படித்துவிட்டு, அவ்வளவுதான் என்று மடித்தேன்.

அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. எண் தெரியும். "ஏழுன்னு போட்டிருக்கே" என்றாள்.

வேறு வழியில்லை, படித்தேன். மற்ற ஆறும் டைப் அடித்திருந்த அதே மெஷினில், அதே கம்பீரத்தோடு, அதன் கீழே மேனேஜரின் கையெழுத்தோடு இருந்தது அது. தமிழில் சொன்னால் இப்படி வரும்: ஒப்பந்தக் காலம் முழுவதும் வாகன உரிமையாளரின் மைத்துனி எக்காரணத்தைக் கொண்டும் வாகனத்தின் பானெட்டைத் திறக்கக் கூடாது.

அக்கா சிரித்த சிரிப்பில் எங்கே பிரசவம் இப்போதே ஆகிவிடுமோ என்று அம்மா பயந்துபோனாள். பிறகு ஒரு நாள் மேனேஜர் மாமாவிடம், தப்பைத் தன் தலையில் போட்டுக்கொள்கிற டிரைவரையும், அதைத் திருப்பி வாங்கிக்கொள்கிற பெண்ணையும் ஒரே நாளில் பார்த்த பிறகு வேறு வண்டியைப் பார்க்கத் தோன்றவில்லை என்று சொன்னாராம். ஆனாலும் ஃபிட்டர் ஃபிட்டர்தான், பாதுகாப்பு விஷயத்தில் விட்டுக்கொடுக்க முடியாது என்றாராம்.

ஒப்பந்தத்தை வருடா வருடம் புதுப்பித்தார்கள். பழைய கடிதத்தைப் பார்த்து அப்படியே அடிப்பதுதான் ஆபீஸ் வழக்கம், அதனால் ஏழாவது நிபந்தனையும் கூடவே வந்தது. மேனேஜர் ஓய்வு பெற்றார், அது போகவில்லை. டைப்ரைட்டர் போய் கம்ப்யூட்டர் வந்தது, அது போகவில்லை. அம்பாசடர் போய் மாமாவுக்கு ஐந்து வேன் ஆனது, ஐந்துக்கும் சேர்த்து என்னைத் தடை செய்திருக்கிறார்கள். அந்த ஐந்தாம் மாதத்துக் குழந்தை வளர்ந்து இப்போது கணக்கு வழக்கெல்லாம் பார்க்கிறாள். நான் ஒரு பெரிய தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுக்கே தலைவியாக இருந்து விருப்ப ஓய்வும் பெற்றுவிட்டேன். ஆயுத பூஜைக்கு அவர்கள் ஷெட்டுக்குப் போனால், பானெட் திறக்கிற நேரத்தில் எனக்கு ஒரு நாற்காலியைத் தூரமாகப் போட்டு, சுண்டலைக் கையில் கொடுத்து உட்காரவைக்கிறார்கள்.

போன வருடம் அந்தக் கம்பெனிக்குப் புதிதாக வந்த ஓர் இளம் அதிகாரி ஒப்பந்தத்தை வரி விடாமல் படித்திருக்கிறார். ஏழாவதைப் பார்த்துவிட்டு மாமாவைக் கூப்பிட்டு, இது ஏதோ பழைய தவறு போலிருக்கிறது, எடுத்துவிடலாமா என்று கேட்டாராம். மாமா எழுந்து நின்றுகொண்டாராம்.

"அந்த ஏழாவதுலதான் சார் எங்க குடும்பமே நிக்குது. அது இருக்கட்டும். வேணும்னா மீதி ஆறையும் எடுத்துக்கங்க."